குளிர்காற்று பலமாக வீசும் நாளில் விறகுக் கணப்பு அடுப்பின் புகை அறைக்குள் திரும்புவது ஏன்?

பெரும்பாலும் கோளாறு அடுப்பில் இல்லை, புகைபோக்கியில்தான். வெளிச்சுவரை ஒட்டிப் போகும் குழாய் இரவில் குளிர்ந்துவிடும். அதில் நிற்கும் கனத்த குளிர்காற்று புதுப்புகையைக் கீழே தள்ளும்.

முதலில் சமையலறை, குளியலறை விசிறிகளை நிறுத்துங்கள். காற்று வந்து மோதும் பக்கத்து ஜன்னலைச் சற்றே திறந்து வையுங்கள். எதிர்ப்பக்க ஜன்னல் வேண்டாம், அது அறைக்காற்றை வெளியே உறிஞ்சி நிலைமையைக் கெடுக்கும். பிறகு செய்தித்தாள் ஒன்றைச் சுருட்டி, குழாய் வாயருகே கொளுத்துங்கள். சுடர் மேல்நோக்கி இழுபட்ட பிறகே சுள்ளிக்குத் தீ வையுங்கள். முதல் 15, 20 நிமிடம், அடுப்புக்குள் காற்று நுழையும் காற்றுவழி முழுதாகத் திறந்திருக்கட்டும்.

குழாய் சூடான பிறகும், காற்றடிக்கும்போது மட்டும் புகை திரும்பினால் புகைபோக்கியின் உயரத்தைப் பாருங்கள். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரமும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எதைவிடவும் 2 அடி கூடுதல் உயரமும் வேண்டும். அப்படியும் தீராவிட்டால் புகைபோக்கியின் உச்சியில் காற்றுத்தடுப்பு மூடி போடலாம். அதில் கம்பிவலை இருந்தால் கரி அடைக்கும், அடிக்கடி தட்டிவிட வேண்டும்.

சில சமயம் வெளிக்காற்று குழாயின் இழுவையைக் கூட்ட, விறகு விரைவாக எரிந்து தீரும். அப்போது காற்றுவழியைக் கொஞ்சம் குறையுங்கள். இரவு முழுக்கத் தாங்கட்டும் என்று இறுக அடைக்காதீர்கள். எரியாத புகை தாராகப் படிந்து, பின்னொரு நாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கலாம். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

அடுப்புக் கதவின் இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். எளிதில் வந்துவிட்டால், கதவோரத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிற்றை மாற்றுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம்.