ஒளியை அளந்து வண்டை அறிதல்: கேள்வி பதில்

கேள்வி (காரைக்குடி): ஐயா, அரிசியில் விழும் கூன்வண்டும் மக்காச்சோளக் கூன்வண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒளியை வைத்துப் பிரிக்க முடியுமா?

உறுதியாகப் பிரிக்க, இதுவரை ஆண் வண்டை அறுத்து அதன் இனப்பெருக்க உறுப்பைப் பார்ப்பதே வழக்கம். அரிசி வண்டில் அதன் மேற்புறம் வழவழப்பாகவும், மக்காச்சோள வண்டில் இரண்டு நீளப் பள்ளங்களோடும் இருக்கும். ஒளி முறையிலும் முயலலாம். கெட்டியான முன்சிறகின் மீது ஒளியைச் செலுத்தி, 400 முதல் 1000 நானோமீட்டர் வரை ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். ஒரே இனத்துக்குள்ளும் அந்தக் கோடு வண்டுக்கு வண்டு சற்று மாறுவதால்தான் புள்ளியியலின் துணை வேண்டியிருக்கிறது.

கேள்வி (கானாடுகாத்தான்): திரும்பும் ஒளியை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெள்ளை அளவுகோலாக எங்கள் வீட்டுச் சுவரையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த நம் சுண்ணாம்புச் சுவரின் அழகே அதன் பளபளப்புதான். இங்கோ ஒளியை எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறடிக்கும் பரப்பு வேண்டும். அதற்கென்றே விற்கும் டெஃப்லான் தகட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (தேவகோட்டை, கல்லூரி மாணவி): இனத்துக்கு 5 வண்டுகள், வண்டுக்கு 40 இடங்கள் என 400 அளவுகள் எடுத்தேன். கணினி 98 விழுக்காடு சரியாகச் சொல்கிறது. போதுமா, ஐயா?

போதாது, அம்மா. உங்களிடம் இருப்பவை 400 அல்ல, 10 வண்டுகள்தான். ஒரே வண்டின் அளவுகளில் சிலவற்றைக் கற்பிக்கவும் மீதியைச் சோதிக்கவும் பயன்படுத்தியிருந்தால், கணினி இனத்தை அறிந்துகொள்ளவில்லை. ஏற்கெனவே பார்த்த அந்த வண்டைத்தான் மறுபடி அடையாளம் கண்டிருக்கிறது. புள்ளியியலாளர் ஃபிஷர் 1936இல் வகுத்த வேறுபடுத்தும் சார்பைக் (பல அளவுகளைச் சேர்த்து இனங்களைப் பிரிக்கும் சூத்திரத்தை) கொண்டு பூச்சியியலாளர் லூபிஷெவ் 1962இல் மூன்று தெள்ளு வண்டு இனங்களைப் பிரித்தபோது, அவரிடம் 74 வண்டுகள் இருந்தன, வண்டுக்கு 6 உடல் அளவுகளே இருந்தன. நமக்கோ அலைநீளங்கள் நூற்றுக்கணக்கில், வண்டுகள் கைவிரல் எண்ணிக்கையில். அந்த நிலையில் தற்செயலான வேறுபாடுகூட இன வேறுபாடாகத் தோன்றிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரு வண்டை முழுவதுமாக விலக்கி வைத்துச் சோதியுங்கள். விழுக்காடு இறங்கினால் வருந்த வேண்டாம், அதுவே நம்பத்தக்க எண்.

கேள்வி (பள்ளத்தூர்): தீப்பெட்டியில் வளர்த்த பொன்வண்டு செத்தும் மின்னியது, தங்கநிற ஆமைவண்டு மங்கிவிட்டதே?

பொன்வண்டின் நிறம் அதன் ஓட்டிலுள்ள மெல்லிய அடுக்குகளால் வருவது; காய்ந்தாலும் அவை குலைவதில்லை. ஆமைவண்டின் தங்க ஒளியோ, ஓட்டின் அடுக்குகளில் உள்ள ஈரத்தை நம்பியிருக்கிறது. ஆகவே உயிருள்ளவற்றின் அளவுகளோடு காய்ந்தவற்றைக் கலக்காதீர்கள். பொன்வண்டைச் சாய்த்தாலே நிறம் மாறும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். விளக்கின் கோணத்தையும் மாற்றாமல் வைத்திருங்கள்.