குழுவா ஆடுற சாகச போர்டு கேமுக்கு முதல் தடவையா கூப்பிட்டிருக்காங்க, நான் சொதப்பினா மத்தவங்க ஆட்டமும் கெட்டுப்போகுமா? உங்க முதல் அனுபவம் எப்படி?

கெட்டுப்போகும்தான், ஆனா அது பெரிய விஷயமில்ல. உங்கள கூப்பிட்டவங்க எல்லாரும் அந்த கேம்ல ஊறிப்போனவங்களாத்தான் இருப்பாங்க, நீங்க ஒருத்தர்தான் புதுசு, அதான் இந்த பயம். நானும் அப்படித்தான் போய் உக்காந்தேன். நான் பயந்தது ஒண்ணு, நடந்தது வேற.

எனக்கு 43 வயசு. விருதுநகர்ல ஒரு ஆயில் மில்லுல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். காலாண்டு லீவுக்கு பொண்ண கூட்டிக்கிட்டு பெங்களூர்ல தம்பி வீட்டுக்கு போயிருந்தேன். போன அன்னைக்கு சாயங்காலமே ஒரு பெட்டிய தூக்கிட்டு வந்து ஹால்ல பாய விரிச்சு பரப்பிட்டான். க்ளூம்ஹேவன், ஜாஸ் ஆஃப் தி லயன். 2017ல வந்த பெரிய க்ளூம்ஹேவன் பெட்டி கிட்டத்தட்ட 10 கிலோவாம், அதுல 95 ஆட்டமாம். இது 2020ல வந்த சின்னது, 25 ஆட்டம், புதுசா வர்றவங்களுக்குன்னே பண்ணினது. போர்டே தனியா கிடையாது, சுருள் கம்பி போட்ட புத்தகத்த விரிச்சா அந்த பக்கம்தான் மேப்பு, அது மேலயே பொம்மைய வச்சு ஆட வேண்டியது. முதல் அஞ்சு ஆட்டத்துல கொஞ்சம் கொஞ்சமா அதுவே நமக்கு சொல்லிக்கொடுத்துரும். யாரு யோசிச்சாங்களோ, நல்ல யோசனை.

நாலு பேரு ஒரே கட்சி. எதிராளிய ஓட்ட ஆளே வேணாம், அதுங்களுக்குன்னு ஒரு கார்டு கட்டு இருக்கு, அத திருப்பினா எது நகரும் எது அடிக்கும்னு வந்துரும். ஆளுக்கு ஒரு பாத்திரம். தம்பி ரெட் கார்டு. "எந்த கார்டுடா?"ன்னு நான் சீட்டுக்கட்ட தேடிக்கிட்டு இருக்கேன், அவன் தலைல அடிச்சுக்கிட்டு "அக்கா, காவல்காரன் கார்டு"ங்கிறான். தம்பி பொண்டாட்டி மந்திரக்காரி வாய்ட்வார்டன், அவனோட ஆபீஸ் ஃப்ரெண்டு வெடி வைக்கிற டெமாலிஷனிஸ்ட். எனக்கு ஹாட்செட், கைக்கோடாலி வீசுறவன். அவன்கிட்ட ராசியான கோடாலி ஒண்ணு இருக்கு, அத வீசினா எதிராளி மேலயே நின்னுரும், அவன் செத்தப்புறம் அந்த கட்டத்துக்கு நாமளே நடந்து போய் பொறுக்கிட்டு வரணும். எனக்கு அது ரொம்ப பிடிச்சுப்போச்சு.

பகடையே கிடையாது. எங்க ஆச்சி சொல்லிக்கொடுத்த தாயம் மட்டுமே தெரிஞ்சவளுக்கு இது ஒரு அதிர்ச்சி. தாயத்துல தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும், சில நாள் அரைமணி நேரம் கட்டைய உருட்டிக்கிட்டே சும்மா உக்காந்திருப்போம். இங்க கையில இருக்கிற கார்டுல ரெண்ட எடுக்கணும், எல்லாரும் ஒரே நேரத்துல கவுத்து வச்சு திருப்பணும், ஒரு கார்டோட மேல் பாதியும் இன்னொண்ணோட கீழ் பாதியும் நம்ம வேலை. அதிர்ஷ்டம் உண்டு, ஆனா பெரும்பாலும் அடிக்கும்போதுதான். 20 கார்டு கட்டுல இருந்து ஒண்ண திருப்பினா அடி கூடும் குறையும், ஒரே ஒரு கார்டு ரெண்டு மடங்கு, ஒரே ஒரு கார்டு சுத்தமா பூஜ்யம். எனக்கு முதல் அடியே பூஜ்யம். கோடாலி எங்க போச்சுன்னே தெரியல.

பயந்த மாதிரி யாரும் திட்டல. அதவிட மோசம், தம்பி என் ஆட்டத்தையும் சேர்த்து ஆட ஆரம்பிச்சுட்டான். "அக்கா அது வேணாம், அந்த 3வது கார்ட எடு." "ரெண்டு கட்டம் தள்ளி நில்லு." "என் பொண்டாட்டி நிக்கிற எடத்துக்கு போகாத." அவனும் அந்த ஃப்ரெண்டும் ஏற்கனவே 25ஐயும் முடிச்சவங்க, எங்களுக்காக மறுபடி முதல்ல இருந்து வர்றாங்க, நல்லெண்ணம்தான், நான் இல்லங்கல. சாத்தூர் சேவு வாங்கிட்டு போயிருந்தேன், கார்டுல எண்ணெய் பட்டுரும்னு அதக்கூட ஸ்பூன்லதான் திங்கணும்னுட்டான். ஒவ்வொரு கார்டுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு வச்சிருக்கிறவன், அப்புறம் என்னத்துக்கு ஸ்பூனு? சேவ ஸ்பூன்ல தின்ன ஒரே குடும்பம் எங்களோடதாத்தான் இருக்கும்.

ரெண்டு நாள்ல நாலு ஆட்டம் ஜெயிச்சோம். ஜெயிச்சோம்னு அவங்க சொன்னாங்க, எனக்கு கார்டு எடுத்துக் கொடுத்த மாதிரிதான் இருந்துச்சு. என் பொண்ணுக்கு 11 வயசு, அவதான் காசு டோக்கன அடுக்குறவ. திடீர்னு கேட்டா, "அம்மா, உன் டர்ன மாமாவே ஆடுறாரு, அப்ப நீ எதுக்கு உக்காந்திருக்க?" அங்க யாரும் பேசல. எனக்கு சுருக்குன்னுச்சு.

ஏன்னா அவனுக்கு தாயம் சொல்லிக்கொடுத்ததே நான். கேரம்ல ஸ்ட்ரைக்கர எப்படி பிடிக்கணும்னு விரல மடக்கி விட்டவ நான். மாத்ஸ்ல எனக்குத்தான் மார்க் ஜாஸ்தி. மெட்ராஸ்ல பிஎஸ்சி சீட்டு கிடைச்சும் பொம்பளப்புள்ள ஹாஸ்டல்ல எப்படி இருப்பான்னு உள்ளூர்லயே பிகாம் சேத்துவிட்டாங்க, ஏழு வருஷம் கழிச்சு அவன் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்கு கிளம்பினப்ப டிரங்க் பெட்டிய பஸ்ல ஏத்தினதும் நான்தான், அந்த பெட்டிக்கு பூட்டு வாங்கினதும் என் சம்பளத்துல. அப்பாவ குத்தம் சொல்லல, அவர் காலம் அப்படி. ஆனா யாருமே ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல. சரி அத விடுங்க, நீங்க கேட்டது போர்டு கேம்.

மூணாம் நாள் தோத்தோம், அதுவும் என்னாலன்னு பேராச்சு. அதுக்குள்ள கைக்கு முழுசா 10 கார்டு வந்துருச்சு. சில கார்டு இருக்கு, ஒரு தடவை போட்டா பலமா அடிக்கும், ஆனா அந்த ஆட்டம் முடியுற வரைக்கும் திரும்ப வராது. கதவ திறந்ததுமே "இத போடு"ன்னான், போட்டேன். ரெண்டு டர்ன் கழிச்சு "இன்னொண்ணையும் போடு"ன்னான், அதையும் போட்டேன். நல்லாத்தான் அடிச்சுச்சு. கடைசில எல்லாரும் அடிச்சுக்கிட்டு இருக்கும்போது என் கையில போட ரெண்டு கார்டு இல்ல. கார்டு தீர்ந்தா ஆளு அவுட்டு, உயிர் எத்தனை பாக்கி இருந்தாலும் சரி. எனக்கு உயிர் அஞ்சு பாக்கி. மிச்ச மூணு பேரும் ஒவ்வொருத்தரா விழுந்தாங்க. "அக்கா கொஞ்சம் பாத்து செலவு பண்ணிருக்கலாம்"னான் பாருங்க!

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. கால்குலேட்டர எடுத்து உக்காந்தேன். 10 கார்டு, டர்னுக்கு ரெண்டு, அஞ்சு டர்ன்ல தீரும். ரெஸ்ட் எடுத்தா போட்டதெல்லாம் கைக்கு வரும், ஆனா ஒண்ணு போயிரும். அப்ப 9, அதுல நாலு டர்ன், அடுத்து 8, அதுலயும் நாலு. இப்படியே கூட்டினா மொத்தம் 25 டர்ன். முதல் சுத்துலயே ஒரு பெரிய கார்ட எரிச்சா, அதாவது திரும்ப வராத கார்ட போட்டுட்டா, அது 21 ஆயிருது. ரெண்டு எரிச்சா 17. அதே கார்ட கடைசி கட்டத்துல எரிச்சா நஷ்டம் ஒரு டர்னோ ரெண்டோதான். வியாபாரம் ஆரம்பிச்ச அன்னைக்கே போட்ட முதல்லயே கை வைக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? எங்க மில்லுல லோடு தூக்குறவர்கூட சொல்லிருவாரு. (அடி விழும்போது கையில இருக்கிற ஒரு கார்ட எரிச்சு அந்த அடிய தடுக்கலாம், ஒரு டர்ன் முழுக்க ரெஸ்ட் எடுத்தா எது போகணும்னு நாமளே எடுக்கலாம், அதெல்லாம் இந்த கணக்குல வராது, தெரியும். கமெண்ட்ல வந்து திருத்த வேணாம்.)

காலைல காபி போடுறதுக்கு முன்னாடி ரூல் புத்தகத்த முழுசா படிச்சேன். அதுல இருந்துச்சுங்க! கூட ஆடுறவங்ககிட்ட திட்டம் பேசலாம், ஆனா எந்த கார்டு, அதுல என்ன நம்பருன்னு சொல்லக்கூடாது, காட்டவும் கூடாது. "நான் சீக்கிரம் போறேன்", "லேட்டா போறேன்", "அவன நான் பாத்துக்கிறேன்", இந்த அளவுதான். மூணு நாளா என் கையில இருந்த கார்ட எட்டிப் பாத்து பேர் சொல்லி எடுக்க சொன்னவன் முன்னாடி, அந்த பத்திய விரல் வச்சு வாசிச்சேன். "அது சும்மா அக்கா, வீட்ல ஆடும்போது யாரும் பாக்கமாட்டாங்க"ன்னான். தம்பி பொண்டாட்டி "இல்ல, மதினி சொல்றதுதான் சரி"ன்னுட்டா. அவளும் அத்தனை நாளா அதே அவஸ்தைலதான் இருந்திருக்கான்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு.

அதனால நீங்க போறதுக்கு முன்னாடியே இத மட்டும் சொல்லிருங்க, கேட்டா சொல்லுங்க, கேக்காம சொல்லாதீங்கன்னு. நம்மளா தப்பு பண்ணி தோத்தா ஒண்ணும் குடி முழுகாது, அந்த ஆட்டத்தயே திரும்ப ஆடலாம், தோத்த ஆட்டத்துல பொறுக்கின காசும் சேர்ந்த எக்ஸ்பீரியன்ஸும்கூட நம்மகிட்டதான் இருக்கும். சொல்லிக்கொடுக்கிறதே தப்புன்னு நான் சொல்லல, வெடி வச்ச அந்த ஃப்ரெண்டு நான் கேட்டதுக்கு மட்டும் பொறுமையா பதில் சொன்னாரு, அவரமாதிரி ஆளா இருந்தா ஒரு பிரச்சனையும் இல்ல.

அன்னைக்கு மறுபடி அதே ஆட்டம். என் கார்ட நெஞ்சோட அணைச்சு வச்சுக்கிட்டேன். ஒரு எடத்துல கோடாலிய பொறுக்கப் போனவ ஒரு கட்டம் தள்ளி கிடந்த காசுக்காகவும் நின்னேன், ஒரு டர்ன் வீணாச்சு, தம்பி பல்ல கடிச்சுக்கிட்டு சுவத்த பாத்தான். ஆனா பெரிய கார்டு ரெண்டையும் கடைசிக்குன்னு பத்திரமா வச்சிருந்தேன், கடைசி எதிராளி விழுந்தது என் கோடாலிலதான். 20ல ஒண்ணா இருக்கிற அந்த ரெண்டு மடங்கு கார்டு அப்பத்தான் வந்துச்சு, என் திறமைன்னு சொல்லிக்கமாட்டேன்.

ஆட்டம் முடிஞ்சு, கேம்ல சேர்ந்த காசுல கேமுக்கான சாமான் வாங்குற நேரம். எனக்கு அத்தனை நாளும் பொறுக்கினதுல 30க்கு மேல கோல்டு, டோக்கனுக்கு ரெண்டு வீதம் பொண்ணு எழுதி வச்சிருந்தா. முன்னாடி நின்னு அடி வாங்கின தம்பிகிட்ட ஒண்ணுமில்ல, அவனுக்கு ஒரு மருந்து வாங்க 6 குறைஞ்சுச்சு. "அக்கா, ஒரு 6 குடேன்." ஒருத்தர் காச இன்னொருத்தருக்கு கொடுக்கக்கூடாதுன்னு ரூல் புத்தகத்துல இருக்கு, எந்த பக்கம்னும் எனக்கு தெரியும்.

எடுத்து அவன் கையில கொடுத்தேன், புத்தகத்த.