கூடிப் படிக்கும் கணித மாணவர்களின் கேள்விகள்

நாங்கள் ஏழு பேர் சேர்ந்து உயர்நிலைக் கணிதம் படிக்கிறோம். மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் நாலைந்து கணக்குகளைத் தாண்டுவதில்லை. ஏன்?

ஏழு பேர் அதிகம். ஒருவர் போடுவார், இருவர் கவனிப்பார்கள், மற்றவர்கள் நோட்டில் இறக்கிக்கொள்வார்கள். மூன்றும் நாலுமாகப் பிரிந்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியம், வெறுங்கையோடு வரக் கூடாது. அன்றைக்கு எடுக்கப்போகும் ஆறு கணக்குகளை எல்லோரும் முந்தைய நாளே தனியாகப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். முடியாமல் நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டு, ஏன் நின்றது என்று ஒரு வரி எழுதி வந்தால் போதும். பாதிக் கணக்கும் கணக்குதான்.

கூடியதும் விடை வேறுபட்ட கணக்குகளை முதலில் எடுங்கள். விடை ஒத்துப்போனவற்றைத் தள்ளிவிடலாம், ஆனால் ஒன்றையாவது வரி வரியாகப் பாருங்கள். நாலு பேரும் ஒரே தவறைச் செய்வது நடக்கும். சைன் 2θ = சைன் θ என்ற சமன்பாட்டை 0 முதல் 2π-க்குள் (2π நீங்கலாக) தீர்க்கச் சொன்னால், இருபுறமும் சைன் θ-வால் வகுத்து, காஸ் θ = ½ என்று கண்டு, π/3, 5π/3 என இரண்டு தீர்வுகளோடு எல்லோரும் திருப்தியாகிவிடுவார்கள். சைன் θ பூச்சியமாகலாம் என்பதால் வகுக்கவே கூடாது. ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்தினால் 0, π இரண்டும் சேர்ந்து நாலு தீர்வுகள் வரும். பாதி விடை அடித்துக்கொண்டு போயிருப்பது ஒப்பிட்டுப் பார்ப்பதால் மட்டும் தெரியாது.

ஒரே தொகையிடலுக்கு மூவருக்கும் மூன்று விடை. புத்தகத்தில் விடை இல்லை. யார் சொல்வது சரி என்று எப்படி முடிவு செய்வது?

மூவருமே சரியாக இருக்கலாம். சைன் θ × காஸ் θ-வைத் தொகையிடுங்கள். சைனைப் பிரதியிட்டவருக்கு ½ சைன்²θ வரும். காஸைப் பிரதியிட்டவருக்கு −½ காஸ்²θ. இரட்டைக் கோண வாய்பாட்டில் போனவருக்கு −¼ காஸ் 2θ. மூன்றோடும் மாறிலி உண்டு.

முதலில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். θ = 0 எனில் 0, −½, −¼. θ = π/2 எனில் ½, 0, ¼. முதல் விடைக்கும் இரண்டாவதுக்கும் இரண்டு இடத்திலும் வித்தியாசம் ½. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் ¼. வித்தியாசம் நகராமல் நிற்கிறது என்றால் அது மாறிலிதான் என்று சந்தேகிக்கலாம். 0, π/2 போன்ற வசதியான கோணங்கள் சில சமயம் ஏமாற்றும், 0.7 மாதிரி ஒழுங்கற்ற எண் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசித் தீர்ப்பு வகையிடலுடையது: விடையை வகையிட்டால் கொடுத்த சார்பு திரும்பி வர வேண்டும். ஒரே இடத்தில் எண்ணைப் போட்டுவிட்டு 'உன்னுடையது தப்பு' என்று சொல்வதுதான் குழுக்களில் நடக்கும் அவசரம்.

மூன்று விடைகளிலும் 0 முதல் π/2 வரை எல்லைகளைப் போட்டுப் பாருங்கள், மூன்றிலும் ½ வரும்.

எங்களில் நன்றாகப் போடுபவர் விளக்கும்போது புரிகிறது. வீட்டுக்கு வந்தால் கை ஓடுவதில்லை.

பேனா யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். தெரிந்தவர் கையில் இருந்தால் பயிற்சி அவருக்குத்தான். எழுதுபவர் தடுமாறுபவராகவும், கேட்பவர் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். குறிப்பை ஒரேயடியாகக் கொட்டாமல், 'என்ன கேட்டிருக்கிறார்கள்?', 'இது எந்த வகை?', 'முதல் வரி என்னவாக இருக்கலாம்?' என்று படிப்படியாகக் கொடுக்கலாம். ஒவ்வொரு குறிப்புக்குப் பிறகும் இரண்டு நிமிடம் வாய் திறக்கக் கூடாது. தெரிந்தவருக்கு இதுதான் கஷ்டம்.

எக்ஸ் × (1 + எக்ஸ்²)³ என்பதை 0 முதல் 2 வரை தொகையிட வேண்டும் என்று வையுங்கள். நண்பர் 1 + எக்ஸ்² = யு என்று பிரதியிட்டு, யு⁴/8 வரை சரியாக வந்து, பழைய எல்லைகளான 0, 2 இரண்டையும் யு-வுக்குப் போட்டு 2 என்று முடிக்கிறார். 'எல்லையை மாற்றவில்லை' என்று சொல்லிவிட்டால் இந்தக் கணக்கு சரியாகும், அடுத்தது மறுபடி தப்பாகும். அதற்குப் பதில், 'எக்ஸ் 1 ஆகும்போது சார்பின் மதிப்பு என்ன?' என்று கேளுங்கள். 8. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போகிறது. ஆக, 1 முதல் 2 வரையிலான பரப்பு மட்டுமே 8-க்குக் குறையாது. மொத்தம் எப்படி 2 ஆகும்? இப்போது தவறு எங்கே என்று அவரே தேடுவார். யு-வின் எல்லைகள் 1, 5; விடை (625 − 1)/8 = 78.

மறுநாள் எண்களை மாற்றி, யாரும் உதவாமல் அவரே போட வேண்டும். அடுக்கை 2 ஆக்கி, எல்லையை 0 முதல் 1 வரை வைத்தால் விடை 7/6.

தேற்றங்களின் நிரூபணங்களை மாறி மாறி ஒப்பிக்கிறோம். போதுமா?

போதாது. ஒப்பித்தல் நினைவாற்றலைத்தான் சோதிக்கும். கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டாலே மாட்டிக்கொள்வீர்கள். ஒருவர் ஒரு நிபந்தனையை நீக்க வேண்டும், மற்றவர் தேற்றம் உடைவதற்கு ஓர் எடுத்துக்காட்டு தர வேண்டும்.

ரோலின் தேற்றம், இடைவெளிக்குள் எங்காவது ஓரிடத்தில் சார்பின் சாய்வு (வகைக்கெழு) பூச்சியமாகும் என்கிறது. அதற்கு மூன்று நிபந்தனைகள்: மூடிய இடைவெளியில் தொடர்ச்சி, திறந்த இடைவெளியில் வகையிடத்தக்க தன்மை, இரு முனைகளிலும் ஒரே மதிப்பு. வகையிடத்தக்க தன்மையை எடுத்துவிட்டால், −1 முதல் 1 வரை மட்டு எக்ஸ் போதும்: முனைகளில் 1, சாய்வு −1 அல்லது 1, நடுவில் சாய்வே இல்லை. தொடர்ச்சியை எடுத்துவிட்டால், 0 முதல் 1-க்கு முன்புவரை எக்ஸ், 1-இல் மட்டும் 0. சம மதிப்பை எடுத்துவிட்டால், 0 முதல் 1 வரை வெறும் எக்ஸ்.

பிறகு, எந்த நிபந்தனை நிரூபணத்தின் எந்த வரியில் வேலை செய்கிறது என்று குறியுங்கள். தொடர்ச்சி இருப்பதால்தான் பெரும மதிப்பும் சிறும மதிப்பும் கிடைக்கின்றன. முனை மதிப்புகள் சமம் என்பதால்தான், சார்பு மாறிலியாக இல்லாவிட்டால், அவற்றில் ஒன்றாவது உள்ளே விழுகிறது. வகையிட முடிவதால்தான் அங்கே வகைக்கெழு பூச்சியம்.

பழைய வினாத்தாள்களை ஒருவருக்கொருவர் திருத்திக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் கடைசி வரியைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். அதிகாரபூர்வ விடைக்குறிப்பு கிடைத்தால், அதில் வழிமுறைக்கு எவ்வளவு, விடைக்கு எவ்வளவு என்று பார்த்துப் போடுங்கள். இரண்டாவது வரியில் கூட்டல் பிழை இருந்தால், அந்தத் தவறான எண்ணையே வைத்து மீதி வரிகள் சரியா என்று பாருங்கள். முறை தெரியாததும் கைப்பிழையும் வேறு வேறு நோய். ஓரத்தில் எது என்று எழுதிக் கொடுங்கள்.

நேரக் கணக்கும் வேண்டும். 180 நிமிடம், 100 மதிப்பெண் என்றால், சரிபார்க்க 15 நிமிடம் ஒதுக்கியபின் மதிப்பெண்ணுக்கு 1.65 நிமிடம். 10 மதிப்பெண் கேள்வி 16 நிமிடத்தைத் தாண்டினால் இடம் விட்டு நகர வேண்டும்.

ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். போனில் சரிவருமா?

வரும். ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டு எழுதிப் படம் அனுப்புங்கள். 'நாலாவது வரியில் ஏன் குறி மாறியது?' என்று கேட்க முடியும். முழுத் தீர்வின் படத்தை யாரும் முதலில் அனுப்பக் கூடாது. பார்த்ததும் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் கூடலாமா?

ஒரு மணி நேரம், அதுவும் ஓரத்தில் எழுதிக் கொடுத்த பிழைக் குறிப்புகளைப் பார்க்க மட்டும். அன்றைக்குப் புதுக் கணக்கோடு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.