நைட் டியூட்டி பார்க்கிற சிஸ்டருக்கு

சிஸ்டர், நைட் டியூட்டி முடிஞ்சு வந்து பைபிளைத் திறந்தாலே தூக்கம் வந்துடுது, ஆண்டவரை விட்டு தூரமா போயிட்டேனோன்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. கொலோசெயர் 3:23ல எதைச் செஞ்சாலும் கர்த்தருக்குன்னு மனப்பூர்வமா செய்யச் சொல்லியிருக்கே, அதுக்கு முந்தின வசனத்தைப் பாருங்க, பவுல் அதை சொல்றதே அடிமையா வேலை செஞ்சவங்ககிட்டதான், தனக்குன்னு நேரமே இல்லாதவங்க! 1691ல இறந்த பிரதர் லாரன்ஸ் பாரிஸ்ல கார்மேல் மடத்து கிச்சன்ல வேலை பார்த்தவர், அந்த வேலையே அவருக்குப் பிடிக்காது, ஆனாலும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவுல ஆண்டவரோட பேசிக்கிட்டே இருந்தார். நீங்களும் ட்ரிப் மாத்தும்போது அந்த பேஷன்ட்டுக்காக மனசுக்குள்ள ஒரு வரி ஜெபிங்க. காலைல வந்ததும் தூங்குங்க, பைபிள்ல சூரைச்செடி கீழ படுத்த எலியா தீர்க்கதரிசியும் சாப்பிட்டு மறுபடி தூங்கினவர்தான். சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சங்கீதம் படிங்க, போதும்.