வாசகர் கேள்வி - பதில்: "படம் சரி, ரிசர்ச் எங்கம்மா?"

பெயர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட ஒரு மாணவி: ஆர்ட் ஹிஸ்டரி கோர்ஸ் படிக்கிறேன். ரிசர்ச் பண்ணி, அதை வச்சு ஒரு கிரியேட்டிவ் வொர்க் செஞ்சு, கூட ரெண்டு பக்கம் விளக்கமும் எழுதிக் குடுக்கணும். டச்சு ஓவியர் வான்கோ தன்னோட பெட்ரூமை வரைஞ்ச படத்தை அப்படியே பாத்து வரைஞ்சேன், அவர் வாழ்க்கை வரலாறை ரெண்டு பக்கம் எழுதினேன். சார் பாத்துட்டு, "படம் நல்லா இருக்கு, ரிசர்ச் எங்கம்மா?"னு கேட்டுட்டார். இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா?

பதில்: தூக்கிப் போட்டுடாதீங்கம்மா, அந்தப் படம் இன்னும் வேணும். சார் கேட்டதுல தப்பில்ல. உங்க படம் ஒரு பக்கம் உக்காந்திருக்கு, வாழ்க்கை வரலாறு இன்னொரு பக்கம் உக்காந்திருக்கு, சண்டை போட்ட சொந்தக்காரங்க மாதிரி ரெண்டும் முகம் குடுத்துப் பேசிக்கல. 1853ல பொறந்தார், காதை அறுத்துக்கிட்டார்னு நீங்க எழுதினதால உங்க படத்துல ஒரு கோடாவது மாறுச்சா? மாறலல்ல. படிச்ச விஷயம் கையைப் பிடிச்சு இழுக்கணும், அது இழுக்கலன்னா அது ரிசர்ச் இல்ல, பொது அறிவு.

சரி, ஒண்ணு கேக்குறேன், சுவருக்கு என்ன கலர் அடிச்சீங்க? நீலம்தானே? எல்லாரும் அதான் அடிப்பாங்க, ஏன்னா இன்னிக்கு மியூசியத்துல தொங்குற படத்துல சுவர் நீலமாத்தான் இருக்கு. ஆனா 1888 அக்டோபர்ல ஃபிரான்ஸ்ல இருக்குற ஆர்ல்-ங்கிற ஊர்லேர்ந்து வான்கோ தன் தம்பி தியோவுக்கு எழுதின லெட்டர்ல அந்த ரூமை கலர் கலரா சொல்லிக்கிட்டே வர்றார், கட்டில் புது வெண்ணெய் மாதிரி மஞ்சள், போர்வை செக்கச் செவேல், கதவு லைலாக் (இளம் ஊதா), சுவர் வெளிர் வயலெட். வயலெட்! அப்புறம் எப்படி நீலமாச்சுன்னா, அவர் நீலத்தோட கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துப் போச்சு, நீலம் மட்டும் மிஞ்சிடுச்சு. கன்சர்வேட்டர்கள், அதாவது பழைய படங்களைப் பாதுகாக்குற நிபுணர்கள், பெயின்ட்டை சோதிச்சுப் பாத்து இதை உறுதி பண்ணியிருக்காங்க. அவர் எழுதின லெட்டர் எல்லாம் ஆன்லைன்ல முழுசா கிடைக்குது, அதுலேர்ந்தே ஆரம்பிங்க, அவரைப் பத்தி மத்தவங்க எழுதினதை அப்புறம் படிச்சுக்கலாம்.

இப்ப உங்க கைல ஒரு நிஜமான கேள்வி இருக்கு. அந்தப் படத்தைப் பாத்தா மனசுக்கு ஓய்வு கிடைக்கணும்னு அதே லெட்டர்ல சொல்றார். மஞ்சளும் வயலெட்டும் கலர் வீல்ல, அதாவது நிறங்களை வட்டமா அடுக்கிக் காட்டுற படத்துல, நேர் எதிர், பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்ணை ஒண்ணு தூக்கிக் காட்டும். அப்ப வயலெட் சுவருக்கு முன்னாடி அந்த மஞ்சள் கட்டில் நிம்மதியா தூங்குற மாதிரி இருந்திருக்குமா, இல்ல கண்ணுக்குள்ள குதிச்சிருக்குமா? இதை லைப்ரரில தேடி முடிவு பண்ண முடியாது, வரைஞ்சு பக்கத்துல வச்சுப் பாத்தாதான் தெரியும். நீலச் சுவர் உங்ககிட்ட ரெடியா இருக்கு, அதே சைஸ்ல வயலெட் சுவரோட இன்னொண்ணு வரைங்க, ரெண்டையும் சேத்துக் குடுங்க. வெளிர் வயலெட்னா எந்த வயலெட்னு குழப்பம் வரும், வரட்டும், அஞ்சாறு கலவை போட்டு சின்னச் சின்னக் கட்டமா தடவி, எதை ஏன் எடுத்தீங்க எதை ஏன் விட்டீங்கன்னு பக்கத்துலயே எழுதி வைங்க. இந்தப் படத்துக்கு மொத்தம் மூணு வெர்ஷன் இருக்கு (ஆம்ஸ்டர்டாம், சிகாகோ, பாரிஸ்), நீங்க பாத்து வரைஞ்சது எதுன்னு மறக்காம சொல்லிடுங்க, முக்கால்வாசி பேர் இதுலதான் மாட்டுவாங்க.

கெட்டுப் போனதையும் தூக்கிப் போடாதீங்க. நான் படிக்கும்போது எக் டெம்பரா முயற்சி பண்ணேன், அதாவது முட்டை மஞ்சக் கருவுல பிக்மென்ட்டை (கலர் பொடியை) கலந்து வரையறது. ஆயில் பெயின்ட் மாதிரி கன்னத்துல நிழலைக் குழைச்சுக் குழைச்சுக் கொண்டு வரலாம்னு நெனச்சேன், அது என்னடான்னா தடவின உடனே காயுது, மேல திரும்பத் தேச்சா அடியில இருக்குறது பிஞ்சுக்கிட்டு வருது, ராத்திரி பூரா போச்சு. அப்பதான் அந்தக் காலத்து டெம்பரா படங்கள்ல முகம் எல்லாம் ஏன் முடி மாதிரி பொடிக் கோடுகளால கட்டியிருக்குன்னு மண்டைல ஏறுச்சு. அந்தக் கெட்டுப் போன பலகையையும் சேத்து வச்சுக் குடுத்தேன், டீச்சர் அதைப் பத்திதான் ரொம்ப நேரம் கேட்டாங்க.

வாழ்க்கை வரலாறு ரெண்டு பக்கத்தையும் எடுத்துடுங்க. லெட்டர்ல இப்படி இருந்துச்சு, அதனால இங்க இப்படி மாத்தினேன், மாத்தினதும் கட்டில் இப்படித் தெரிஞ்சுதுன்னு எழுதினாலே ரெண்டு பக்கம் பத்தாது. உங்க ஊகத்தை ஊகம்னே எழுதுங்க.

இன்னொரு வாசகர்: எனக்கு ஒரு நேர்கோடு கூட வராது. கிரியேட்டிவ் வொர்க்னா வரைஞ்சே ஆகணுமா?

பதில்: கோர்ஸ்ல வரையணும்னு எழுதியிருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லன்னா எழுத்தும் கிரியேட்டிவ்தான். 1485ல இத்தாலியில ஃப்ளோரன்ஸ் நகரத்துல அனாதைக் குழந்தைகளைப் பாத்துக்கிட்ட ஒரு நிறுவனம் கிர்லாண்டாயோங்கிற ஓவியர்கிட்ட ஒரு படம் கேட்டு ஒப்பந்தம் போட்டுச்சு, அதுல நீலம்னா அல்ட்ராமரின்தான், அவுன்ஸ் சுமார் 4 ஃப்ளோரின் (அந்த ஊர்த் தங்கக் காசு) மதிப்புள்ளதா இருக்கணும்னு கறாரா எழுதி வச்சிருக்காங்க. லாபிஸ் லாசுலி கல்லை அரைச்சு எடுக்குற நீலம் அது, மட்டமான நீலத்தை அடிச்சு ஏமாத்திடுவாரோன்னு பயம் போல! பட்டறையில அந்த நீலத்தை அரைக்கிற பையன் எழுதுற மாதிரி நாலு லெட்டர் எழுதுங்களேன். கற்பனை உங்களோடது, ஆனா நீலத்தோட விலை, மொத்தக் கூலி, முடிக்க வேண்டிய கெடு எல்லாம் ஒப்பந்தத்துல இருக்குறபடியே வரணும்.

முதல் கேள்வி கேட்ட அதே மாணவி, பி.கு.ல: ஆயில்லயே பண்ணா ஒரிஜினல் மாதிரி இருக்கும்ல?

பதில்: இருக்கும்தான், ஆனா தடிமனா பூசின ஆயில் மூணு வாரத்துல காயலன்னா என்ன பண்ணுவீங்க? சீக்கிரம் காயுற அக்ரிலிக் பெயின்ட்ல போடுங்க, ஏன் மாத்தினீங்கன்னு விளக்கத்துல ஒரு வரி சேத்துடுங்க. ஈரப் படத்தைத் தூக்கிட்டுப் போய் சார் சட்டைல வயலெட் ஒட்டிடுச்சுன்னு அடுத்த மாசம் எனக்கு இன்னொரு லெட்டர் போடாதீங்கம்மா.