காபிக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒரு மணி நேரம்

கேள்வி: என் மனைவிக்கு 34 வயது, எடை 61 கிலோ. மூன்று வருடமாகத் தைராய்டு குறைவு. 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 75, 100 என்று ஏற்றி, இப்போது 125 போடுகிறாள். போன மாதமும் டி.எஸ்.ஹெச். (தைராய்டு குறையக் குறைய ஏறும் ரத்த அளவு) 11.4. காலை 5.30-க்கு அப்பா, அம்மா, எனக்குக் காபி போடும்போதே தன் மாத்திரையையும் மறக்காமல் போட்டுவிடுவாள். தைராய்டுக்கு ஆகாது என்று முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் வாங்குவதையே நிறுத்திவிட்டோம். ஆனாலும் எந்நேரமும் அசதி, மறதி, பிள்ளையிடம் எரிச்சல். அம்மா இதைச் சோம்பேறித்தனம் என்கிறார். இரண்டாவது குழந்தையைத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொல்கிறார். டாக்டரை மாற்றலாமா? அல்லது இந்த மாத்திரையை விட்டுவிட்டு நாட்டு மருந்துக்குப் போகலாமா? - ஈரோடு வாசகர்

பதில்: டாக்டர் இருக்கட்டும். மனைவிக்கு நற்சான்றிதழ் போல நீங்கள் எழுதிய அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். காபி போடும்போதே மாத்திரையையும் போட்டுவிடுகிறார். அவர் எப்போது காபி குடிக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை. உங்கள் மூன்று பேருக்கும் ஆற்றிக் கொடுத்துவிட்டு, அடுப்படியில் நின்றபடியே அவரும் ஒரு டம்ளர் குடித்திருப்பார். மூன்று வருடமாக மாத்திரையும் காபியும் ஒன்றாகத்தான் உள்ளே போயிருக்கின்றன.

சந்தேகம் என்றால் கணக்கைப் பாருங்கள். சுரப்பி அறவே வேலை செய்யாதவருக்கே எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம்தான் வழக்கமான அளவு. 61 கிலோவுக்கு அது நூறைக்கூடத் தொடாது. உங்கள் மனைவி போடுவது 125. அப்படியும் 11.4 என்றால், நோய் முற்றிவிட்டது என்று பயப்படுவதற்கு முன், மாத்திரை ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். தைரோநார்ம், எல்ட்ராக்ஸின் என்று பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது லெவோதைராக்ஸின். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டால் அதில் முக்கால் பங்கு போலச் சிறுகுடலில் உறிஞ்சப்படும். கூடவே காபி போனால் அந்தப் பங்கு குறைந்துவிடும். பால்தான் காரணம் என்று நினைத்துக் கடுங்காப்பிக்கு மாறவும் வேண்டாம். இத்தாலிய மருத்துவர்கள் 2008-ல் எழுதிய ஆய்வில் நோயாளிகள் குடித்தது பால் கலக்காத எஸ்பிரஸோதான்.

மருந்துச் சீட்டில் 'வெறும் வயிற்றில்' என்று எழுதியிருக்கும். நம் வீடுகளில் அதற்கு 'டிபனுக்கு முன்னால்' என்று அர்த்தம். காபியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. டாக்டர் கேட்டிருப்பார், "வெறும் வயித்துலதான போடுறீங்க?" உங்கள் மனைவியும் மனசாட்சியோடு "ஆமாம்" என்றிருப்பார். டாக்டரும் அளவை ஏற்றி எழுதியிருப்பார். இப்படித்தான் 50 என்பது 125 ஆகிறது. ஒரு பாவமும் செய்யாத முட்டைக்கோஸை வீட்டுக்குள் விடாமல் நிறுத்தியிருக்கிறீர்கள். வேகவைத்துச் சாப்பிடும் அளவில் அது எதுவும் செய்யாது. காபி டம்ளர் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

"சரி, எங்களுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டுமே" என்று இப்போது உங்களுக்குத் தோன்றும். ஆறரைக்கு மேல் அவருக்கு உட்கார நேரம் ஏது? டிபன், மதியச் சாப்பாடு, பிள்ளையின் ஸ்கூல் பை, தண்ணீர் பாட்டில். 5.30-க்கு நின்றபடி குடிக்கும் அந்த ஒரு டம்ளரை விட்டால் ஒன்பது மணி வரை அவருக்குக் காபி கிடையாது. மாத்திரை, டி.எஸ்.ஹெச். எல்லாவற்றையும் புள்ளி விடாமல் எழுதியிருக்கிறீர்கள். அவர் அந்த மாத்திரையை எப்படிப் போடுகிறார் என்று மூன்று வருடத்தில் ஒருநாள் அடுப்படி வாசலில் நின்று பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. மனைவியின் வியாதி மனைவியின் பொறுப்பு என்று விடுவதற்கு அவர் உங்கள் வீட்டில் பேயிங் கெஸ்ட் இல்லை.

நாளையிலிருந்து காலைக் காபி உங்கள் வேலை. ராத்திரியே ஃபில்டரில் தூள் போட்டு டிகாக்ஷன் இறக்கிவைத்துவிட்டால் காலையில் பால் காய்ச்சுவது மட்டும்தான். மாத்திரை பாட்டில் இனி சமையலறையில் இருக்கக் கூடாது. சூடு, ஈரம், வெளிச்சம் மூன்றும் அதற்கு ஆகாது. அடுப்பு மேடையும் ஃப்ரிட்ஜின் தலையும் அதற்கான இடமில்லை. வேறு டப்பாவில் கொட்டி வைக்காமல், வாங்கிய பாட்டிலிலேயே மூடி இறுக்கிக் கட்டில் பக்கம் வையுங்கள், ஒரு சொம்புத் தண்ணீரோடு. கண் விழித்ததும் மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். பிறகு ஒரு மணி நேரம் காபி, டீ, பால், சத்துமாவுக் கஞ்சி எதுவும் வேண்டாம். அவசரமான நாளில் அரை மணி நேரமாவது விட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது போடுகிறார் என்றால் நான்கு மணி நேரம் தள்ளி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கேஸ் மாத்திரை என்று தினமும் பான்டோப்ரசோல் போடுகிறவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அதுவும் உறிஞ்சலைக் குறைக்கும். ஒருநாள் காலையில் மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். இந்த மருந்து உடம்பில் பாதியாகவே ஒரு வாரம் ஆகும், ஒரு நாளில் குடி முழுகாது. ராத்திரி படுக்கும்போது போடலாம் என்று சிலர் சொல்வார்கள். போடலாம்தான், சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுக்கும் வீட்டில் அது நடக்காது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. இதுவரை ஒரு பகுதி வீணான 125, இனி ஒழுங்காக உள்ளே போகும். அவருக்கு அது அதிகமாகிவிடலாம். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, வியர்வை வந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். வராவிட்டாலும் இந்த வாரமே ஒருமுறை போய், காபி விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அளவை இப்போதே குறைப்பதா, பார்த்துக் குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். இந்த முறை நீங்களும் கூடப் போங்கள். டாக்டரை மாற்ற வேண்டியதில்லை. அவருக்குத் தெரியாத விஷயம் அடுத்த டாக்டருக்கும் தெரியாது.

ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து அதே லேபில் டி.எஸ்.ஹெச். பாருங்கள். அதற்கு முன் பார்ப்பது காசுக்குக் கேடு. அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பல லேப்களில் டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைந்து காட்டும். ஒழுங்காகப் போட்டும் இறங்கவில்லை என்றால் குடலில் உறிஞ்சும் கோளாறு இருக்கிறதா என்று டாக்டர் தேடுவார்.

நாட்டு மருந்துக் கேள்விக்கு ஒரே பதில்: சுரப்பி சுரக்காத ஹார்மோனைத்தான் இந்த மாத்திரை அப்படியே தருகிறது. நிறுத்தினால் அந்த இடத்தை நிரப்ப வேறு எதுவும் இல்லை.

இரண்டாவது குழந்தைப் பேச்சை இப்போதைக்கு நிறுத்துங்கள். முதல் மூன்று மாதம் வயிற்றிலுள்ள குழந்தைக்குச் சொந்தமாகத் தைராய்டு ஹார்மோன் கிடையாது, தாயிடமிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். தாய்க்கே பற்றாத நேரத்தில் கரு தரித்தால் கலையும் அபாயம் கூடும், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் நல்லதல்ல. டி.எஸ்.ஹெச். 2.5-க்குக் கீழே வரட்டும். கர்ப்பம் உறுதியானால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். வாரத்துக்கு ஏழாக இருக்கும் மாத்திரையைப் பெரும்பாலும் ஒன்பதாக்கச் சொல்வார்; பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை இருக்கும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள், உங்கள் மனைவி அல்ல. 11.4-ஐ வைத்துக்கொண்டு ஐந்து மணிக்கு எழுந்து நான்கு பேருக்குச் சமைக்கிறவரைச் சோம்பேறி என்று சொன்னபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அசதி, மறதி, எரிச்சல் மூன்றும் இந்த நோயின் பட்டியலில் இருப்பவை என்று அந்த ரிப்போர்ட்டைக் காட்டியே அம்மாவிடம் சொல்லுங்கள். நாளைக் காலை அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்கும்போதே சொல்லலாம். அவருக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று இன்று ராத்திரியே மனைவியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.