ஏற்றத்தில் குறையும் பேட்டரிக் கோடுகள்

வணக்கம். உங்கள் மின்மிதிவண்டி மேம்பாலம் ஏறும்போது திரையில் நான்கு கோடுகள் இரண்டாகக் குறைந்து, சமதரைக்கு வந்ததும் மீண்டும் நான்காகிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். இது பெரும்பாலும் பழுதன்று. பல வண்டிகளின் திரை மின்னழுத்தத்தை மட்டுமே பார்த்துக் கோடுகளைக் காட்டுவதால், மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கும்போது அவை தாழ்ந்து, சுமை நீங்கியதும் எழும்பிவிடுகின்றன. உங்களுடையது 36 வோல்ட் லித்தியம் அயனி பேட்டரி என்பதால், முழுதாகச் சார்ஜ் ஆனதும் ஏறத்தாழ 42 வோல்ட் இருக்க வேண்டும். திரையில் வோல்ட் எண் தெரியுமானால் கோடுகளை மறந்துவிட்டு, வண்டியை நிறுத்திய ஒரு நிமிடம் கழித்து அந்த எண்ணைப் படியுங்கள். அது 36ஐ நெருங்கினால் வீட்டுக்குத் திரும்புங்கள், ஏனெனில் மீதி விரைவாகக் கரையும். மின் உதவியை 5ஆம் நிலையில் வைத்து ஏறுவதற்குப் பதிலாக, கியரைக் குறைத்து 3ஆம் நிலையில் மிதித்துப் பாருங்கள். என் வண்டியில் அப்போது ஒரு கோடுதான் இறங்குகிறது. முழு சார்ஜிலும் ஏற்றத்தில் மோட்டார் அறவே நின்றுபோனால் மட்டும் பேட்டரியைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.